மொட்டைமாடியில் நின்ற வீடு

குமரேசா,

நேற்று சாயங்காலம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று எழுந்து அடுக்களைக்கு வந்து, "அம்மா, கூட்டத்துல உன் தலைய குனிய வச்சிட்டேன்ல, மாஃப் கர் தோ" என்றாய். நான் தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, விடுல" என்றேன். நீ நிம்மதியாகத் திரும்பிப் போய் மிச்சத் துணியை அடுக்கினாய். எனக்குத் தோசை தீய்ந்துபோனது. நீ கேட்ட மன்னிப்பைக் கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை வாயால் சொல்ல மூன்று மாதமாக முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை. எழுத்தில் வருகிறதா என்று பார்க்கிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, பெங்களூருக்குப் போகும் ரயிலில் நேரம் நிறைய இருக்கும். போனை விட்டு வாசிக்கச் சொல்லாதே, அது என் கடிதத்தை ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசிக்கும். இதை உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் நம் கட்டடத்தில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது.

நீ இந்த வேலைக்கு வந்த நாளை நம் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்த பேங்க் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, "பிரௌசர்லயே ஒரு இடத்த கட்டிரலாம்ப்பா, ஆளுங்க அதுக்குள்ள நடக்கலாம்" என்று நீ சொன்னதும் உன் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனுஷன். "தொட முடியாத வீட்ட கட்டுதேங்கான். ஏல, அதுல எவம்ல குடியிருப்பான்?" என்று கேட்டார். நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். அதற்கப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் என் வழியாகத்தான். நான் உன் பக்கம் நின்றேன், ஆனால் எனக்கும் அப்போது ஒரு மண்ணும் புரியவில்லை. பிறகு ஒருநாள் ஹாலில் என் போனைக் கையில் கொடுத்து ஒரு லிங்கைத் தொடச் சொன்னாய். கேமராவுக்கு அனுமதி கேட்டது, கொடுத்தேன். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு மாமரம் நின்றது. சுற்றி வந்து பார்த்தேன், மரத்துக்கு முதுகுப்பக்கமும் இருந்தது. "எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம்மா. லிங்க் இருந்தா போதும். சாதாரண ஆளுக்கும் திறக்கணும், அதான் மேட்டரே" என்றாய். அன்றைக்குத்தான் உன் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. நான் பதினெட்டு வயதில் தாராவியிலிருந்து ஃபோர்ட்டில் ஒரு கட்டட ஆபீசுக்கு டிரேசர் வேலைக்குப் போனவள். இன்ஜினியர் பென்சிலில் போட்ட பிளானின் மேல் மெல்லிய தாளை விரித்து, அதே கோடுகளை மைப்பேனாவால் இழுத்துக் கொடுக்கிற வேலை. இன்னும் கட்டாத வீடுகளுக்குள் இருபத்திரண்டு வருஷம் குனிந்துகொண்டே நடந்திருக்கிறேன். என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நம் கட்டடத்தை இடித்துக் கட்ட அந்த பில்டர் வந்தபோது, இருபத்துநான்கு வீடுகளுக்கும் ஒரே பிரச்சினைதான். காகிதத்தில் பிளானைக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கார்பெட் ஏரியா இவ்வளவு என்று எண்ணைச் சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அந்த எண்ணுக்குள் ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் போட்டால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார்கள். சொசைட்டி செக்ரட்டரி என்ற முறையில் நான் ஸ்கேலை வைத்து விளக்கிப் பார்த்துத் தோற்றேன். நீதான் எழுந்து, புது வீட்டை அதே அளவில் போனில் நிறுத்திக் காட்டலாம் என்றாய். பில்டர் ஆபீஸ் அந்த வேலையை உனக்கே கொடுத்தது. செக்ரட்டரியின் மகனுக்கே இந்த வேலையா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என்னை அவ்வளவு நம்பினார்கள், பிளான் படிக்கத் தெரிந்தவள் வேறு.

டெரஸில் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. மழைக்கு முன்னால் தண்ணீர் இறங்காதபடி வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்களா, உன் வீடு தரையில் நிற்கவே மாட்டேன் என்றது. "வெறும் வெள்ளையா இருந்தா போனுக்குத் தரையே தெரியாதும்மா. டிசைனா ஏதாச்சும் விரிக்கச் சொல்லு" என்றாய். ஆளாளுக்குக் கீழே ஓடிப் பழைய புடவை, பேப்பர், பாய், பெட்ஷீட் என்று கொண்டுவந்து விரித்தார்கள். பார்ப்பதற்குத் துணி காயப்போட்ட டோபி காட் மாதிரி இருந்தது. அதன் பிறகு வீடு வந்து நின்றது பார், அடடா! இரண்டாம் மாடி மாமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவர் வழியாக நடந்தால் ஒன்றும் ஆகாது என்று நீ எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் நடக்கவில்லை, சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் போனார்கள். பொருளாளரின் விலை கூடிய போனில் மட்டும் வீடு டெரஸில் நிற்காமல் வெறும் படமாக வந்தது. விரலால் சுழற்றி மேலேயிருந்து பார்த்துக்கொள்ளலாம், அதையும் நீ யோசித்து வைத்திருந்தாய். ஆனாலும் அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு. உன் அப்பா போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி பால்கனிக்குப் போய், இல்லாத கம்பியின் மேல் கையை வைக்கப் பார்த்தார். "ஏல, காத்து நல்லா வருதுல" என்றார். சிரித்துக்கொண்டே உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நீ வேலையை விட்ட நாளிலிருந்து அவர் உன்னிடம் நேராகப் பேசியது அதுதான். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மூன்றாம் மாடி செல்லத்தாய் அக்கா கோரைப்பாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்தார். "ஏளா செக்ரட்டரி, பால்கனியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவிய கட்டில போட்டா, சொவத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல நான் நிக்கதுக்கு எடம் இருக்குமா? அத மட்டும் காட்டு. பெரட்டிப் போடணும்லா" என்றார். உனக்குத் தெரியும், அவர் வீட்டுக்கார அண்ணாச்சி நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. பக்கவாதம். இரண்டு மணிக்கொரு தடவை அந்த அக்கா ஒற்றை ஆளாக நின்று அவரைப் புரட்டிப் போடுவார், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். கட்டிலை மேலே தூக்கிவர முடியாது, அதில் ஆள் படுத்திருக்கிறார். அதனால் கட்டில் அளவுக்கே பார்த்து வாங்கி அதன் மேல் விரிக்கிற பாய்களில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நீ அந்தக் கோடியில் பொருளாளரைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாய். நான் அக்காவின் கையில் போனைக் கொடுத்து, படுக்கையறைக்குள் கூட்டிக்கொண்டு போய், நீ வரைந்திருந்த கட்டில் நின்ற இடத்திலேயே பாயை விரிக்கச் சொன்னேன்.

பாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போனில் நீலப் போர்வை போட்ட உன் கட்டில் தெரிகிறது, அதன் கால்மாட்டில் ஒரு சாணுக்கு மேலே பாயின் சிவப்புக் கரை தெரிகிறது, பக்கவாட்டில் அரைச் சாண் தெரிகிறது. எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அறையின் அளவு சரி, அதை நான் வந்ததுமே அடி வைத்துப் பார்த்திருந்தேன். கட்டிலைத்தான் சின்னதாக்கியிருந்தாய். பீரோவைப் பார்த்தேன், அதுவும் குள்ளம். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று மாதிரி வீடுகளில் செய்கிற வேலை. அக்காவுக்குப் புரை விழுந்த கண், பாயைக் கவனிக்கவில்லை, போனில் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடம் இருக்கு போலியே?" என்றார். நான் பாயைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். கால்மாட்டு ஓரத்தை உள்ளே மடித்தேன். பக்கவாட்டு ஓரத்தைக் காலால் தள்ளி மடித்தேன். "ஆமாக்கா, தாராளமா நிக்கலாம்" என்றேன்.

குமரேசா, இதைத்தான் மூன்று மாதமாகச் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரியும். உன் அப்பா உன் முதுகில் தட்டிய அந்தச் சாயங்காலமே எனக்குத் தெரியும்.

ஏன் மடித்தாய் என்று நீ கேட்பாய். உன் அப்பா பத்தடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அது ஒன்று. இன்னொன்று பழைய வியாதி. ஃபோர்ட் ஆபீசில் ஒருமுறை ஒரு பிளானை இழுக்கும்போது கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறந்து தொட்டியில் இடிக்கும் என்று கண்டுபிடித்தேன். எங்கள் சீனியரிடம் சொன்னேன். "கோடு போடுறதுதான் உன் வேலை, யோசிக்கிறதுக்கு மேல ஆள் இருக்கு" என்றார். அதற்கப்புறம் எத்தனையோ பிளான்களில் எத்தனையோ பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. தப்பான கோட்டையும் அழகாக இழுத்துக் கொடுத்தேன், கையெழுத்துச் சுத்தம் என்று பெயர் வாங்கினேன். அந்த வீடுகளில் யார் யார் கதவை இடித்துக்கொண்டு இருக்கிறார்களோ தெரியாது. டெரஸில் எனக்குச் சீனியரும் இல்லை, மேலே ஆளும் இல்லை. பழகிய கை, தானாகவே போய்விட்டது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. எனக்கே இப்படித்தான் விளங்குகிறது.

மடித்ததோடு நின்றிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை. அந்த வாரம் முழுக்க, பில்டருக்கு இன்னும் சம்மதக் கடிதம் தராத பதினொரு வீடுகளுக்கும் உன் லிங்கை எடுத்துக்கொண்டு நானே ஏறி இறங்கினேன். "செக்ரட்டரியே சொல்லுறப்ப என்ன" என்று எழுதிக் கொடுத்தார்கள். செல்லத்தாய் அக்கா கையெழுத்துப் போடும்போது பேனா பிடிக்கிற விரலை ஊதிக்கொண்டே போட்டார், அண்ணாச்சிக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துச் சுட்டிருந்தது. அந்த ஒரு வாரத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கட்டில் ஏன்டா சின்னது என்று. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்வாய், அதன் பிறகு எனக்குத் தெரியாது என்று நானே நம்ப முடியாது. அதற்காகவே கேட்கவில்லை.

நீ எப்படிக் கண்டுகொண்டாய் என்பதை எனக்குச் செல்லத்தாய் அக்காதான் பின்னால் சொன்னார். மேலே வர முடியாத மனுஷனும் புது வீட்டைப் பார்க்கட்டும் என்று போனை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போயிருக்கிறாய். யாரும் உன்னை அனுப்பவில்லை. நீ அங்கே இருக்கும்போது புரட்டுகிற நேரம் வந்திருக்கிறது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் காலை அகட்டி நின்று அவரைப் புரட்டியிருக்கிறார். "ஒம் மவன் அந்தக் கட்டிலயே பாத்துக்கிட்டு இருந்தாம்ளா. டீ ஆறிப்போச்சு, குடிக்கவே இல்ல" என்றார். இரண்டு நாள் கழித்துக் கூட்டம்.

கூட்டத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. கீழே காம்பவுண்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். பில்டரின் மேனேஜர் பேசி முடித்ததும், நம் சொசைட்டி சேர்மன் எல்லாக் கடிதங்களையும் அவரிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார். நான் ஃபைலைக் கையில் எடுத்துவிட்டேன். நீ லேப்டாப்போடு எழுந்து, எல்லோரையும் அந்த லிங்கைத் திறந்து வீட்டை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னாய். முதலில் இந்தியில் சொன்னாய், அப்புறம் செல்லத்தாய் அக்காவைப் பார்த்துத் தமிழில் சொன்னாய். "இதுல கட்டில், பீரோ, சோபா எதுவும் நெஜ அளவு இல்ல. பில்டர் ஆபீஸ்ல சின்னதா போடச் சொன்னாங்க, போட்டேன். சும்மா லுக்குக்குன்னு நெனச்சேன். தப்பு என்னோடது. இப்ப மாத்துறேன், ரீலோட் பண்ணிப் பாருங்க." நீ ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்றினாய், எனக்குத் தெரிந்தது. காகிதத்தில் அச்சடித்த பிளானாக இருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும். உன்னுடையது அத்தனை பேர் கையிலும் திருந்தியது. சிக்னல் கிடைத்த வரிசைப்படி ஒவ்வொரு போனிலும் கட்டில் பெரிதாயிற்று, சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. "அப்ப நான் எங்க நிக்கது?" என்றார் செல்லத்தாய் அக்கா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, போனைப் பார்த்துக் கேட்டார். மேனேஜர் காதில் போனை வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார். உன் அப்பா எழுந்து வந்து உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். எனக்கு அது பொருந்தாத பெருமை என்று அப்போதே தெரிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் மோசம். கடிதங்கள் எல்லாம் அவரவருக்குத் திரும்பிப் போயின. பில்டர் வேறு பிளான் கொண்டுவருகிறேன் என்று இறங்கிவந்தார். எல்லோருக்கும் நல்லதுதான் ஆயிற்று, உன்னைத் தவிர. உனக்கு வேலை தருகிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், உனக்கு வந்துகொண்டிருந்த போன்கள் நின்றன. பெங்களூரில் பெரிய சான்ஸ் என்று நாம் ஊருக்குச் சொல்லிக்கொள்கிறோம், பம்பாயில் உனக்குக் கதவு அடைபட்டது என்பது நம் மூன்று பேருக்கும் தெரியும். இதற்கு நடுவில் வீட்டுக்கு வீடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பாவம், பெத்தவளுக்கு எப்படித் தெரியும்" என்றார்கள். நானும் தலையைக் குனிந்து கொடுத்தேன், ஆறுதலை வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் நடந்ததைக் குறித்துவைக்கிற மினிட்ஸை வழக்கம்போல நான்தான் எழுதினேன். அளவில் இருந்த தவறை அதைச் செய்தவர் தாமே ஒப்புக்கொண்டு திருத்தினார் என்று எழுதினேன். அது உண்மை. அதற்குக் கீழே, செக்ரட்டரிக்கும் கமிட்டிக்கும் இது முன்பே தெரியாது என்று ஒரு வரி எழுதினேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிரேசர் கையெழுத்து, பார்க்க அச்சடித்த மாதிரி இருக்கிறது.

புது இடத்தில் நர்ஸிங் படிக்கிற பெண்கள் பார்த்துப் பழக ஆஸ்பத்திரி அறைகளைச் செய்யப்போகிறாய் என்று சொன்னாய். நல்ல வேலை. அறையைச் செய்யும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்திப் பார். குனிந்து, காலை அகட்டி நிற்கிற ஆளை. மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிடு, அப்பாவுக்கு வாரம் ஒரு போன் பண்ணு, நேராக அவர் நம்பருக்கே பண்ணு, என் வழியாக வேண்டாம். உனக்குப் புத்தி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காம்பவுண்டில் யாருக்குப் புத்தி இருந்தது என்று இருபத்துநான்கு வீடும் பார்த்தது. நீ என்னிடம் கேட்ட மன்னிப்பை அப்படியே திருப்பித் தருகிறேன், அது எனக்கு வர வேண்டியது இல்லை. நான் உன்னிடம் கேட்கிறேன். உடனே கொடுக்க வேண்டியதில்லை.

நாளைக்கு உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததும் செல்லத்தாய் அக்கா வீட்டுக்குப் போகப்போகிறேன். பாயை மடித்ததைச் சொல்லப்போகிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை, சொன்னதைக் கேட்டுக்கொள்வேன். அவர் எதுவும் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை புதுப் பிளானுக்காக மறுபடி கூட்டம். நம் சொசைட்டி வழக்கம் உனக்குத் தெரியும், போன கூட்டத்தின் மினிட்ஸை வாசித்து, சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. வாசிப்பது செக்ரட்டரி. வாசித்து முடித்து, "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்பதும் செக்ரட்டரி. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட உண்டு என்று சொன்னதில்லை, எல்லோருக்கும் டீக்கு அவசரம். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நானே கையைத் தூக்குவேன்.

உன் அம்மா